தபாலில் வரவேண்டிய காகிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. நீங்கள் இங்கிருந்து தத்தெடுத்துக் கூட்டிப்போன குழந்தை மினியாபொலிஸ் குளிருக்குப் பழகிவிட்டாள், மாப்பிள்ளையை "அப்பா" என்றே கூப்பிடுகிறாள் என்று உன் அம்மா சொன்னாள். கேட்கக் கேட்கச் சந்தோஷம். ஆனால் போனில் நீ சொன்ன ஒரு பேச்சுத்தான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்: "கலெக்டர் உத்தரவு, பாஸ்போர்ட், விசா எல்லாம் முடிந்தது மாமா, இனி பேப்பர் வேலையே இல்லை." இருக்கிறது. குடும்ப கோர்ட்டு வாசலிலேயே காலத்தைக் கழித்த ஒரு கிழவன் சொல்வதைக் கொஞ்சம் கேள்.

ஆடம் கிராப்சர் என்பவரின் கதையிலிருந்து தொடங்கலாம். 1979-ல் மூன்று வயதில், அக்காவோடு கொரியாவிலிருந்து அமெரிக்கா வந்தவர். தத்தெடுத்த முதல் பெற்றோர் சில வருஷங்களில் இருவரையும் கைவிட்டார்கள். அக்காவும் தம்பியும் பிரிக்கப்பட்டார்கள். இரண்டாவது வீடு அதைவிட மோசம். அங்கே அடித்துத் துன்புறுத்தியதற்காக அந்தப் பெற்றோர் பின்னால் தண்டனையே பெற்றார்கள். வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பையன், அநாதை இல்லத்திலிருந்து தன்னோடு வந்த கொரிய பைபிளையும் ரப்பர் செருப்பையும் எடுக்க அதே வீட்டுக்குள் புகுந்தான். திருட்டு வழக்கில் சிறைக்குப் போனான். பிறகும் சில வழக்குகள் வந்தன, மறைப்பதற்கில்லை. பெரியவனாகி, குடும்பமும் குழந்தைகளும் ஆன பிறகு, ஒழுங்காகக் கிரீன் கார்டு வாங்கலாம் என்று விண்ணப்பித்தார். அந்த விண்ணப்பம்தான் பழைய வழக்குகளைத் தோண்டி எடுத்தது. 2016 நவம்பரில், மொழி தெரியாத கொரியாவுக்கு விமானம் ஏற்றினார்கள். வளர்த்த இரண்டு வீட்டாரில் ஒருவர்கூட அவருக்குக் குடியுரிமை வாங்கித் தரவில்லை.

இது எப்படி நடக்கும் என்று கேட்பாய். தத்தெடுப்பை முடித்துவைப்பது மாநில நீதிமன்றம். குடியுரிமை கொடுப்பது மத்திய அரசு. ஒன்று முடிந்தால் மற்றது தானாக வரும் என்று பெற்றோர் நம்பினார்கள். வரவில்லை. குழந்தை வளர்வதற்குள் அவர்கள் தனியாக மனுப் போட்டிருக்க வேண்டும். சிலர் மறந்தார்கள், சிலருக்குத் தெரியாது, சிலர் கிராப்சரைப் போன்ற பிள்ளைகளை வேண்டாம் என்றே விட்டார்கள். மனு போடப்பட்டதா என்று எந்த அலுவலகமும் திரும்பிக் கேட்கவில்லை. 1996-ல் வந்த சட்டம் நாடுகடத்தலுக்கான குற்றங்களின் பட்டியலைப் பெரிதாக்கி, நீதிபதி இரக்கம் காட்டும் இடத்தையும் சுருக்கியது. பெற்றோரின் மறதிக்குப் பிள்ளை நாட்டையே இழக்கும் நிலை அப்படித்தான் வந்தது.

இதைச் சரிசெய்ய, தத்துப் பிள்ளைகளுக்குக் குடியுரிமையைத் தானாகவே கொடுக்கும் குழந்தைக் குடியுரிமைச் சட்டம் 2000-ல் வந்தது. 2001 பிப்ரவரி 27 முதல் நடைமுறை. அன்று பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு மட்டும்தான் அது பொருந்தும். அதற்கு ஒரு நாள் முன்னால் பதினெட்டு முடிந்தவருக்குக்கூட ஒன்றும் இல்லை.

நம் ஊர்ப் பிள்ளைகள் இந்த வயதுக் கோட்டில் எப்படி மாட்டினார்கள் என்பது தனிக் கதை. அந்தக் காலத்தில் வெளிநாட்டார் இந்தியாவில் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. 1890-ஆம் வருஷத்துக் காப்பாளர் சட்டத்தின்கீழ் காப்பாளர் உத்தரவு வாங்கி, குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய், அங்கே தத்தெடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கும் மேல் குடியுரிமை மனு. இத்தனை படிகளில் எந்தப் படியில் சறுக்கினாலும் பிள்ளை அந்நியர். 1982-ல் பிறந்து, கைக்குழந்தையாக யூட்டா மாநிலத்துக்குப் போன ஓர் இந்தியப் பெண் அப்படிச் சறுக்கியவர். தத்தெடுத்த தாய் சிறுவயதிலேயே இறந்துவிட்டார். மனுவைப் போட ஆளில்லை. போதைப் பழக்கத்தில் கையெழுத்து மோசடி வழக்கு வந்தது. சட்டத்தின் வயதுக் கோட்டை அவர் தாண்டியிருந்தது ஏறத்தாழ பதினோரு மாதம். 2012-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவருக்குக் கைகொடுக்கவில்லை.

அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு என்ன ஆனது என்பதையும் தெரிந்துகொள். பிரேசிலில் பிறந்து ஒஹாயோவில் வளர்ந்த ஜோவாவ் ஹெர்பர்ட், கஞ்சா விற்ற முதல் குற்றத்துக்காக 2000-ல் திருப்பி அனுப்பப்பட்டார். 2004-ல் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். பிலடெல்பியாவில் வளர்ந்த பிலிப் கிளே 2012-ல் கொரியாவுக்கு அனுப்பப்பட்டு, 2017-ல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். விட்டுப்போன வயதினரையும் சேர்த்துக்கொள்ளும் திருத்த மசோதா திரும்பத் திரும்ப வருகிறது. 2022-ல் ஒரு பெரிய வர்த்தக மசோதாவோடு சேர்ந்து கீழ்ச்சபையில் நிறைவேறியது. கடைசி வடிவத்தில் அதைக் கழற்றிவிட்டார்கள். இரு கட்சிக்காரரும் ஆதரிக்கிறோம் என்கிறார்கள், ஆனாலும் நகரவில்லை. குடியேற்றம் என்ற பேச்சு எடுத்தாலே அங்கே எல்லோருக்கும் கை நடுங்குகிறது என்பதுதான் மாமாவின் கணிப்பு.

இப்போது உன் வீட்டு விஷயம். குழந்தையின் இந்தியப் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவை எடுத்துப் பார். ஐஎச்-3 என்றிருந்தால், பதினெட்டுக்குள் வந்து குடிமக்களான பெற்றோரோடு வாழ்கிறவள் என்பதால், விமான நிலையத்தில் உள்ளே விட்டபோதே அவள் அமெரிக்கக் குடிமகள். குடியுரிமைச் சான்றிதழ் தானாகத் தபாலில் வரும். நீங்களோ வந்த வேகத்தில் வீடு மாற்றியிருக்கிறீர்கள். பழைய முகவரிக்குப் போய்த் திரும்பியிருக்கலாம். குடியேற்ற அலுவலகத்துக்குப் புது முகவரி கொடுத்தாயா? ஐஎச்-4 என்றிருந்தால் கதை வேறு. கையில் வருவது கிரீன் கார்டு மட்டும். மினசோட்டா நீதிமன்றத்தில் தத்தெடுப்பை முடித்து, பிறகு என்-600 படிவம் போட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும்.

அமெரிக்கப் பாஸ்போர்ட் வாங்கிவிட்டால் போதும் என்று மாப்பிள்ளை சொல்வார். அதையும் வாங்குங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து வருஷத்தில் காலாவதியாகும். சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் அவளை இன்னும் அந்நியர் என்றே பதிந்து வைத்திருப்பார்கள். சான்றிதழோடு நேரில் போய்த் திருத்தி வா. அதைச் செய்யாத பிள்ளைகள் பதினெட்டு வயதில் முதல் வேலைக்குப் போகும்போது தடுமாறுகிறார்கள்.

உன் ஊரில் கொரியாவிலிருந்து தத்து வந்தவர்கள் நிறையப் பேர். நீயும் இப்போது அந்த வட்டத்துக்குள் வந்துவிட்டாய். நாற்பது, ஐம்பது வயதில் யாராவது "எனக்குக் குடியுரிமை இருக்கிறதா என்றே தெரியவில்லை" என்று உன்னிடம் சொன்னால், உடனே ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்யச் சொல்லிவிடாதே. கிராப்சருக்கு நடந்ததை நினைத்துக்கொள். முதலில் தகவல் பெறும் சட்டத்தின்கீழ் தங்கள் குடியேற்றக் கோப்பின் நகலை வாங்கட்டும். பிறகு குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்கட்டும். தெளிவாகும் வரை ஓட்டுப் போட வேண்டாம், எந்தப் படிவத்திலும் "குடிமகன்" என்ற கட்டத்தில் டிக் அடிக்க வேண்டாம். இல்லாத குடியுரிமையைக் கோருவது அங்கே மன்னிப்பு அரிதான தவறு. நல்லெண்ணத்தில் நம்பி அப்படிச் சொன்ன தத்துப் பிள்ளைகளுக்குச் சட்டத்தில் குறுகலான ஒரு விலக்கு உண்டு. அது யாருக்குப் பொருந்தும் என்று வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும்.

காகிதம் சரியானாலும் முகம் மாறாது. இதை மாப்பிள்ளையிடம் பேச உனக்குச் சங்கடமாக இருக்கும், அதனால் மாமா எழுதுகிறார். அவர் தங்கமானவர், ஆனால் வெள்ளைக்காரர். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கடைக்குள் போகும் நான்கு வயதுப் பெண்ணை ஊரே கொஞ்சும். பதினேழு வயதில் அவள் தனியாக அதே கடைக்குள் போகும்போது, அவளுக்குப் பின்னால் ஓர் அமெரிக்க அப்பா இருப்பது யாருக்குத் தெரியும்? 2017-ல் கான்சஸ் மாநிலம் ஒலேத்தாவில் ஸ்ரீநிவாஸ் குச்சிபோட்லாவைச் சுட்டவன், என் நாட்டை விட்டுப் போ என்று கத்தினான், விசா அவரைக் காப்பாற்றியதா? 2021 மார்ச்சில் அட்லாண்டா மசாஜ் நிலையங்களில் கொல்லப்பட்ட எட்டுப் பேரில் ஆறு பேர் ஆசிய வம்சாவளிப் பெண்கள். அந்த வாரம் அதைப் பற்றி வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்று, வெள்ளைக் குடும்பங்களில் வளர்ந்த ஆசியப் பிள்ளைகள் பலர் வருந்தி எழுதினார்கள். 2025 செப்டம்பரில், லாஸ் ஏஞ்சலஸில் குடியேற்ற அதிகாரிகள் இனத்தையும் மொழியையும் மட்டும் வைத்து ஆட்களை நிறுத்தக்கூடாது என்று கீழ்நீதிமன்றம் போட்டிருந்த தடையை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. குடிமகள் எல்லா நேரமும் சான்றைச் சுமந்து திரிய வேண்டும் என்று அங்கே சட்டம் இல்லை. இருந்தும், அவள் கொஞ்சம் வளர்ந்ததும் பர்ஸில் அடங்கும் பாஸ்போர்ட் அட்டை ஒன்று வாங்கிக் கொடுத்துவிடு. நியாயம் வேறு, முன்ஜாக்கிரதை வேறு.

"எங்கள் வீட்டில் நிறமே பார்ப்பதில்லை" என்று மட்டும் அவளிடம் சொல்ல வேண்டாம். பள்ளியில் யாராவது சொன்ன சொல்லோடு அவள் வீட்டுக்கு வரும்போது, அதை எடுத்துவைக்க அவளுக்கு ஓர் இடம் வேண்டும். கறுப்பினச் சமூகப் பணியாளர் சங்கம் 1972-லேயே, கறுப்புக் குழந்தைகளை வெள்ளைக் குடும்பங்களில் தத்துக் கொடுப்பதை எதிர்த்து அறிக்கை விட்டது. அவ்வளவு தூரம் போக மாமாவுக்கு மனம் இல்லை. ஆனால் பிள்ளை நாளைக்கு வெளியே சந்திக்கப்போவதற்கு வீடு பழக்க வேண்டும் என்ற அவர்களுடைய கவலை நியாயமானது. உங்கள் வீட்டில் நீ இருக்கிறாய், அந்த மட்டில் அவள் அதிர்ஷ்டசாலி. அதற்காக மொத்தப் பொறுப்பையும் உன் தலையில் மாப்பிள்ளை போட்டுவிடக் கூடாது. அவரும் படிக்கட்டும், அவரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்கட்டும்.

2017-ல் டெக்சாஸில் மூன்று வயது இந்தியத் தத்துக் குழந்தை தன் வீட்டிலேயே இறந்த வழக்கு உனக்குத் தெரியும். அங்கே பெற்றோரும் இந்தியர்தான். ஆகவே நம் நிறம், நம் மொழி என்பதையும் காப்பு என்று எண்ணிவிட முடியாது. இந்தியாவின் மத்தியத் தத்தெடுப்பு ஆணையமான காராவுக்கு அனுப்ப வேண்டிய இரண்டு வருஷத்துத் தொடர் அறிக்கைகளைச் சம்பிரதாயமாக நினைக்காதே. அறிக்கைக்காக வரும் சமூகப் பணியாளரிடம் அழுகையையும் களைப்பையும் மறைக்காமல் சொல். 2013-ல் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட புலனாய்வில், சமாளிக்க முடியாத தத்துப் பிள்ளைகளை இணையத்தில் ஆள் தேடி ஒப்படைத்த பெற்றோரின் கதைகள் வந்தன. உதவி கேட்க வெட்கப்பட்டவர்கள் அவர்களில் எத்தனை பேரோ.

கலெக்டர் உத்தரவு, ஹேக் உடன்படிக்கையின் 23-ஆம் பிரிவுச் சான்று, குழந்தையின் நிலை அறிக்கை, மருத்துவ அறிக்கை, பழைய இந்தியப் பாஸ்போர்ட் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு வங்கி லாக்கரில் வை. நகல் ஒன்று உன் அம்மாவிடம் இருக்கட்டும். பதினெட்டு வயதில் அவை அவள் கைக்குப் போக வேண்டும். தன் பிறப்பைத் தேட அவள் விரும்பினால் அங்கிருந்துதான் தொடங்க முடியும். சான்றிதழ் வந்ததும் மாமாவுக்கு ஒரு போன் போடு. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அதன் படத்தைப் போட்டுவிடாதே. உன் சித்தி ஊருக்கெல்லாம் ஃபார்வர்டு பண்ணிவிடுவாள்.

அன்புடன்,
மாமா