கடலுக்கடியில் ஹைபீம் எதற்கு?

கேள்வி: ஸ்கூபா டைவிங்கில் அட்வான்ஸ்டு நிலை முடித்திருக்கிறேன். இரவில் முங்கிப் பார்க்க ஆசை. கடையில் நல்ல டைவ் லைட் வாங்கச் சம்பளம் இடம் கொடுக்கவில்லை. 50 வாட் எல்.இ.டி., லித்தியம் பேட்டரி, பிளம்பிங் கடை பி.வி.சி. குழாய், சிலிக்கான் பசை இவற்றை வைத்து நானே செய்யலாமா? 30 மீட்டர் ஆழம் தாங்குமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: செய்யலாம். 50 வாட்டை மட்டும் மறந்துவிடுங்கள். மார்கழிப் பனியில் ஹைபீம் போட்டு பைக் ஓட்டியிருப்பீர்களே, பாதை தெரியாது. பனிதான் வெள்ளைச் சுவராக எதிரே நிற்கும். கலங்கலான கரையோரக் கடலிலும் அதே கதைதான். 10 டிகிரிக்குக் குறுக்கும் லென்ஸ் போட்டால் 10 வாட் போதும். விளக்கால் வட்டம் போட்டு ‘சரி’ என்பதும், பக்கவாட்டில் வேகமாக ஆட்டி ‘சிக்கல்’ என்பதும் துணைக்கு வருபவருக்குப் புரிய, ஒடுங்கிய வெளிச்சம்தான் வேண்டும்.

அடுத்தது சூடு. எல்.இ.டி.க்குப் போகும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெப்பமாகிறது. அலுமினியம் கடத்தும் வெப்பத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட பி.வி.சி. கடத்தாது. சுற்றிலும் கடலே இருந்தாலும் உள்ளே சிப் வேகும். அதனால் விளக்கின் தலைப்பகுதியை லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்து வாங்கி, சிப்பை அதோடு ஒட்டவைத்துத் திருகுங்கள். எரியவிட்டுப் பார்ப்பதை வாளித் தண்ணீருக்குள் செய்யுங்கள்.

30 மீட்டரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் கடல் சுமார் 3 கிலோ அழுத்தும். 5 செ.மீ. விட்டமுள்ள முகப்புக் கண்ணாடிக்குக் கணக்குப் போட்டால், ஏறக்குறைய 60 கிலோ. ஓர் ஆள் ஏறி நிற்கிற பாரம். மெல்லிய அக்ரிலிக் தகடு வளைந்துவிடும். சிலிக்கான் பசையை நம்பி நான் ஒருமுறை ஏமாந்தேன். தண்ணீர் புகவில்லை. ஆனால் காயும்போது வினிகர் வாசனை அடிக்கிறதே, அந்த அமிலம் உள்ளேயே அடைபட்டு, செம்புக் கம்பியெல்லாம் பச்சை பூத்துவிட்டது. ஓ-ரிங்தான் சரி, அதில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலும் ஒழுகும். வேடிக்கை என்னவென்றால், ஆழத்தில் அழுத்தமே ஓ-ரிங்கை இறுக்கிவிடும். ஒழுகல் பெரும்பாலும் மேல்மட்டத்திலேயே தொடங்கிவிடும். சுவிட்சுக்கென்று துளை போடாதீர்கள். வெளியே காந்தம், உள்ளே அதற்கு இயங்கும் ரீட் சுவிட்ச் போதும்.

18650 செல் ஒன்று சுமார் 10 வாட்-மணி தரும். இரண்டு போட்டால் ஒரு முங்கலுக்குத் தாராளம். பாதுகாப்புச் சர்க்யூட் உள்ள செல்லாகப் பார்த்து வாங்குங்கள். நான் பயப்படுவது இதற்குத்தான். உப்புத்தண்ணீர் புகுந்து ஷார்ட் ஆனால் வாயு உண்டாகும். இறுக மூடிய குழாய் வெடிகுண்டுக்குச் சமம். நீர் புகுந்ததாகச் சந்தேகம் வந்தால் முகத்துக்கு நேரே வைத்துத் திறக்காதீர்கள்.

பேட்டரியும் சிப்பும் இல்லாமல், உள்ளே டிஷ்யூ பேப்பர் மட்டும் வைத்து மூடி, கல்லைக் கட்டிப் படகிலிருந்து கயிற்றில் இறக்குங்கள். அரைமணி கழித்து இழுத்துப் பாருங்கள். இப்படி மூன்று தடவை செய்து, மூன்று தடவையும் பேப்பர் காய்ந்தே வந்தால் மற்றதை உள்ளே பொருத்தலாம். அப்படியும் முதல் சில முங்கல்களில், விலை குறைந்ததாயினும் கடையில் வாங்கிய டைவ் லைட் கையில் இருக்கட்டும். நீங்கள் செய்தது இடுப்பில் தொங்கட்டும்.