நியூயார்க்கில் ஒரு பேஸ்பால் ஆட்டம்: எந்த மைதானம், எந்த நாள், எந்த இருக்கை?

நியூயார்க்கில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் பெற்றோரும், வேலை நிமித்தம் போகிறவர்களும் பெரும்பாலும் சுதந்திர தேவி சிலை, டைம்ஸ் சதுக்கம், எம்பயர் ஸ்டேட் கட்டடம் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். அந்தப் பட்டியலில் ஒரு பேஸ்பால் ஆட்டத்தையும் கட்டாயம் சேருங்கள். சுற்றுலா இடங்களில் நம்மைச் சுற்றி இருப்பவர்கள் நம்மைப் போன்ற வெளியூர்க்காரர்கள்தான். மைதானத்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் அந்த ஊர்க்காரர். அப்பாவும் மகளும், அலுவலக நண்பர்களும், ஐம்பது ஆண்டுகளாக ஒரே அணிக்காகக் கைதட்டும் முதியவர்களும் ஒரே வரிசையில் இருப்பார்கள். அந்த நகரத்தை இவ்வளவு நெருக்கத்தில் பார்க்க வேறு எளிய வழி இல்லை.

தேர்வு மூன்று இடங்களுக்குள் இருக்கிறது: பிராங்க்ஸில் யாங்கீஸ் ஆடும் யாங்கீ ஸ்டேடியம், குயீன்ஸில் மெட்ஸ் ஆடும் சிட்டி ஃபீல்ட், புரூக்ளினின் கோனி ஐலண்ட் கடற்கரையில் சைக்ளோன்ஸ் ஆடும் சிறிய மைதானம். எந்த அணிக்குப் புகழ் அதிகம் என்று பார்த்து முடிவெடுப்பவர்களே அதிகம். யாரோடு போகிறீர்கள், எதைப் பார்க்க ஆசைப்படுகிறீர்கள் என்று கேட்டு முடிவெடுத்தால்தான் அந்த மாலை நிறைவாக அமையும்.

முதலில் நாள்

பேஸ்பால் பருவம் மார்ச் கடைசியில் தொடங்கிச் செப்டம்பர் இறுதிவரை நீள்கிறது. பெரிய லீகில் (மேஜர் லீக்) ஆடும் ஒவ்வொரு அணியும் 162 ஆட்டங்கள் ஆடும். அவற்றில் 81 சொந்த மைதானத்தில். யாங்கீஸ் ஊரில் இருக்கும் வாரத்தில் மெட்ஸ் பெரும்பாலும் வெளியூரில் இருக்கும். அதனால் உங்கள் பயணத் தேதிகளே பல சமயம் பாதி முடிவைச் சொல்லிவிடும். அடுத்த ஆண்டின் அட்டவணை முந்தைய கோடையிலேயே வெளியாகிவிடுவதால், விமான டிக்கெட் போடும்போதே அதைப் பார்த்துக்கொள்ளலாம். ஜூலை நடுவில் ஆல்-ஸ்டார் இடைவேளைக்காகச் சில நாட்கள் ஆட்டமே இருக்காது. யாங்கீஸும் மெட்ஸும் நேருக்கு நேர் மோதும் நாட்களில் ஊரே களைகட்டும். விலையும் அதற்கேற்ப ஏறும்.

ஏப்ரல் இரவுகள் நம்மவர்களுக்குக் கடுங்குளிர். தடித்த ஜாக்கெட், தொப்பி இல்லாமல் மூன்று மணி நேரம் திறந்தவெளியில் உட்கார முடியாது. ஜூலை, ஆகஸ்ட் பகல்கள் வியர்த்துக் கொட்டும். மே நடுவிலிருந்து ஜூன் இறுதிவரையும் செப்டம்பர் மாதமும் மிக இதமானவை. வாரநாள் ஆட்டங்கள் பெரும்பாலும் மாலை ஏழு மணிக்குச் சற்றுப் பிறகு தொடங்கும். 2023இல் பந்துவீச்சுக்கு நேரக் கட்டுப்பாடு வந்த பிறகு ஆட்டம் சராசரியாக இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. பத்து மணிவாக்கில் ரயில் ஏறிவிடலாம்.

யாங்கீ ஸ்டேடியம்: வரலாற்றுக்காக

பெரிய லீகின் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரை 27 முறை வென்ற அணி யாங்கீஸ். வேறு எந்த அணியும் அந்த எண்ணிக்கைக்கு அருகில்கூட இல்லை. பேப் ரூத், லூ கெரிக், ஜோ டிமாஜியோ, மிக்கி மேன்டில் எல்லோரும் இந்த அணியில் ஆடியவர்கள். 1923இல் கட்டிய பழைய மைதானத்தை இடித்துவிட்டார்கள். இப்போதிருப்பது 2009இல் தெருவுக்கு எதிர்ப்புறம் எழுந்த புதிய கட்டடம். பழைய மைதானம் இருந்த இடம் இன்று பொதுமக்கள் விளையாடும் திடல்.

இங்கே தவறவிடக் கூடாதது மைதானத்தின் நடுப்பகுதிக்குப் பின்னால் இருக்கும் மான்யுமென்ட் பார்க். அணியின் மாபெரும் வீரர்களுக்கான நினைவுக் கற்களும் பலகைகளும் அங்கே இருக்கின்றன. பழைய மைதானத்துக்கு வந்துபோன நெல்சன் மண்டேலாவுக்கும் ஒரு பலகை உண்டு. ஆட்டம் தொடங்குவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே அதை மூடிவிடுவார்கள். எனவே கதவு திறந்த உடனே உள்ளே போய் நேராக அங்கே செல்லுங்கள்.

முதல் இன்னிங்ஸில் வலப்புற வெளிப்பகுதியின் மலிவான பெஞ்சுகளில் இருக்கும் ரசிகர்கள், களத்தில் நிற்கும் யாங்கீஸ் வீரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கத்துவார்கள். அந்த வீரர் திரும்பிக் கையசைக்கும்வரை விடமாட்டார்கள். வலப்புற எல்லை 314 அடிதான் என்பதால் இடது கை பேட்டர்களுக்கு ஹோம் ரன் (பந்தை எல்லைச் சுவருக்கு அப்பால் அடிப்பது) வாய்ப்பு அதிகம். 2022இல் 62 ஹோம் ரன் அடித்து அமெரிக்கன் லீக் சாதனை படைத்த ஆரன் ஜட்ஜின் சொந்த மைதானமும் இதுதான்.

மன்ஹாட்டனிலிருந்து 4 அல்லது டி ரயிலில் ஏறினால் அரை மணிக்குள் 161ஆவது தெரு நிலையத்தில் இறங்கலாம், மைதானம் எதிரிலேயே. குறை என்றால் விலை. நல்ல இடங்களுக்கு இங்கே கொடுப்பது அதிகம். பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் முன்வரிசை ஆயிரம் டாலரையும் தாண்டும்.

சிட்டி ஃபீல்ட்: ஒரு முழு நாளுக்காக

மெட்ஸ் 1962இல் பிறந்த அணி. புரூக்ளின் டாட்ஜர்ஸும் நியூயார்க் ஜயன்ட்ஸும் 1957 பருவத்தோடு கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த பிறகு, அணியை இழந்து நின்ற ரசிகர்களுக்காக வந்தது. உலகத் தொடரை வென்றது 1969இலும் 1986இலும் மட்டுமே. வெற்றிகள் குறைவு, ஆனால் தோற்றாலும் அணியைக் கைவிடாத ரசிகர்களைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும்.

இந்த மைதானமும் 2009இல் திறந்ததுதான். டாட்ஜர்ஸின் பழைய எபெட்ஸ் ஃபீல்டை நினைவூட்டும் முகப்பு வழியாக நுழைந்தால் ஜாக்கி ராபின்சன் பெயரிலான வட்ட மண்டபம். கறுப்பின வீரர்களுக்குக் கதவை மூடி வைத்திருந்த பெரிய லீகில் 1947 ஏப்ரல் 15 அன்று டாட்ஜர்ஸுக்காகக் களமிறங்கி அந்தத் தடையை உடைத்தவர் அவர். அவருடைய 42 என்ற எண் பெரிய சிற்பமாக அங்கே நிற்கிறது. 1997 முதல் எந்த அணியும் அந்த எண்ணைப் புதிதாக யாருக்கும் தருவதில்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 அன்று மட்டும் எல்லா வீரர்களும் 42 அணிந்து ஆடுகிறார்கள். மெட்ஸ் வீரர் ஹோம் ரன் அடித்தால் நடுப்பகுதிக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய ஆப்பிள் எழும். குழந்தைகள் அதற்காகவே காத்திருப்பார்கள்.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு இன்னொரு நினைவும் இங்கே உண்டு. 2015 நவம்பரில் சச்சின் டெண்டுல்கரும் ஷேன் வார்னும் நடத்திய ஆல்-ஸ்டார்ஸ் தொடரின் முதல் ஆட்டம் இதே திடலில்தான் நடந்தது. முத்தையா முரளிதரன் அதில் சச்சின் அணிக்காக ஆடினார்.

சிட்டி ஃபீல்டின் பெரிய பலம் அதன் அக்கம்பக்கம். 7 ரயிலில் மெட்ஸ்-வில்லட்ஸ் பாயின்ட்டுக்கு அடுத்த நிலையம் கடைசி நிலையமான ஃபிளஷிங். அங்கிருந்து பஸ்ஸில் சிறிது தூரம் போனால் பௌன் தெருவில் பிள்ளையார் கோயில். 1977இல் குடமுழுக்கு கண்ட இந்தக் கோயில் இருக்கும் தெருவுக்கு 2022இல் கணேஷ் டெம்பிள் ஸ்ட்ரீட் என்றும் பெயர் சூட்டினார்கள். அதன் கேன்டீனில் தோசையும் இட்லியும் சாப்பிட்டுவிட்டு மைதானத்துக்கு வரலாம். சைவ உணவுக்காரர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. மைதானத்தின் மறுபக்கம் ஃபிளஷிங் மெடோஸ் பூங்கா. 1964 உலகக் கண்காட்சிக்காக அமைத்த பிரம்மாண்டமான எஃகு உலக உருண்டை அங்கே நிற்கிறது.

டைம்ஸ் சதுக்கத்திலிருந்து 7 ரயிலில் ஏறத்தாழ 40 நிமிடம். ஆட்ட நாட்களில் லாங் ஐலண்ட் ரயிலும் இங்கே நிற்கும். பென் ஸ்டேஷனிலிருந்து 20 நிமிடம்தான். முதியவர்களோடு போகிறீர்கள் என்றால் கூடுதல் கட்டணம் கொடுத்து இதிலேயே போங்கள். ஆகஸ்ட் கடைசியில் பக்கத்திலேயே யுஎஸ் ஓப்பன் டென்னிஸ் நடப்பதால் அப்போது கூட்டம் இரட்டிப்பாகும்.

கோனி ஐலண்ட்: குழந்தைகளுக்காக

புரூக்ளின் சைக்ளோன்ஸ் மெட்ஸின் கிளை அணி. பெரிய லீகுக்குப் போகும் கனவோடு இளைஞர்கள் ஆடும் இடம். 2016இல் இங்கே ஆடிய பீட் அலோன்சோ, 2019இல் மெட்ஸுக்காக 53 ஹோம் ரன் அடித்து, முதல் பருவ வீரர்களில் எவரும் தொடாத எண்ணிக்கையைத் தொட்டார். ஏறத்தாழ 7,000 பேர் உட்காரும் மைதானம் என்பதால் கடைசி வரிசைகூடப் பக்கத்தில்தான். பந்து வீசும் பிட்சரின் கைவிரல் அசைவும், பந்து கேட்சரின் கையுறையில் விழும் ஓசையும் தெளிவாகத் தெரியும். சுவருக்கு அப்பால் அட்லான்டிக் கடல். 1927 முதல் ஓடும் சைக்ளோன் ரோலர் கோஸ்டர் சில நிமிட நடையில்.

டி, எஃப், என், கியூ ரயில்கள் இங்கே வருகின்றன. மன்ஹாட்டனிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். திங்கட்கிழமை ஆட்டம் இருக்காது. கோடை வெள்ளிக்கிழமை என்றால் கடற்கரை வாணவேடிக்கையும் பார்க்கலாம். ஆட்டத்தின் தரம் பெரிய லீகுக்கு இணையாக இருக்காது. ஆனால் நான்கு பேர் உள்ள குடும்பம் இங்கே செலவழிப்பது, யாங்கீ ஸ்டேடியத்தில் ஒரு நல்ல இருக்கையின் விலையைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம்.

இருக்கை

இதில்தான் புதிதாகப் போகிறவர்கள் ஏமாறுகிறார்கள். தரைக்கு அருகில் இருப்பதே சிறந்தது என்று நினைத்து, வெளிப்பகுதி ஓரத்தில் விலை கொடுத்து உட்காருகிறார்கள். பேஸ்பாலின் உயிர் பிட்சருக்கும் பேட்டருக்கும் இடையிலான போராட்டத்தில் இருக்கிறது. அறுபது அடி தூரத்திலிருந்து மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வரும் பந்தில், பத்துக்கு மூன்று முறை வெற்றி காண்பவனே சிறந்த பேட்டர். அந்தப் பந்து வளைவதும் தாழ்வதும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் இருந்து பார்த்தால்தான் புரியும். ஆகவே ஹோம் பிளேட்டுக்கு நேர் பின்னால், மேல் தட்டின் முதல் சில வரிசைகளை எடுங்கள். விலை நடுத்தரம், மைதானம் முழுவதும் கண்ணுக்குள் அடங்கும்.

பகல் ஆட்டமென்றால் மூன்றாம் பேஸ் பக்கம் முதலில் நிழல் வரும். இரண்டு பெரிய மைதானங்களுக்கும் இது பொருந்தும். சொந்த அணியின் வீரர்களை அருகில் பார்க்க முதல் பேஸ் பக்கம் போங்கள். யாங்கீஸ், மெட்ஸ் இரு அணிகளும் அங்கேதான் உட்காருகின்றன. பார்வையாளர் பகுதிக்குள் விழும் பந்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை, பிடித்தவருக்கே சொந்தம். வலை இல்லாத இடத்தில் உட்கார்ந்தால் ஒவ்வொரு பந்தின்போதும் கவனம் தேவை. கைக்குழந்தையோடு அங்கே உட்காரவே வேண்டாம்.

டிக்கெட்டும் மழையும்

டிக்கெட் விலை நாளுக்கு நாள் மாறும். எதிரணி யார், வார இறுதியா, ஏதாவது பரிசுப் பொருள் தரும் நாளா என்பதைப் பொறுத்து ஒரே இருக்கையின் விலை பல மடங்கு வேறுபடும். செவ்வாய், புதன் மாலைகளில், அதிகப் புகழ் இல்லாத எதிரணியோடு நடக்கும் ஆட்டத்துக்கு மேல் தட்டு இருக்கை பெரும்பாலும் சில பத்து டாலருக்கே கிடைக்கும். அணியின் தளத்திலும் ஸ்டப்ஹப், சீட்கீக் போன்ற மறுவிற்பனைத் தளங்களிலும் எல்லாக் கட்டணமும் சேர்ந்த மொத்தத் தொகையை ஒப்பிட்டுப் பாருங்கள். டிக்கெட் கைபேசியில்தான் வரும் என்பதால் மின்னூட்டம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பை, தண்ணீர் பாட்டில், வீட்டு உணவு பற்றிய விதிகள் ஒவ்வொரு மைதானத்துக்கும் வேறு. கிளம்பும் முன் படித்துவிட்டுப் போவது நல்லது.

மூன்று மைதானங்களுக்கும் கூரை கிடையாது. மழையால் ஆட்டம் தள்ளிப்போனால் உங்கள் டிக்கெட் மாற்றுத் தேதிக்குச் செல்லுபடியாகும். அந்தத் தேதியில் நீங்கள் ஊர் திரும்பியிருக்கக்கூடும். எனவே ஆட்டத்தைப் பயணத்தின் கடைசி நாளில் வைக்காமல் முதல் பாதியிலேயே வையுங்கள்.

யாருக்கு எது?

பேஸ்பாலை ஏற்கெனவே விரும்பிப் படித்தவராக இருந்து, ஒரே ஒரு ஆட்டம்தான் பார்க்க முடியும் என்றால் யாங்கீ ஸ்டேடியம் போங்கள். சீக்கிரமாகப் போங்கள், மான்யுமென்ட் பார்க்கைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு போகிறவர்களுக்குக் கோனி ஐலண்ட். பகலில் கடல், மாலையில் ஆட்டம், நடுவில் பிள்ளை தூங்கிவிட்டாலும் நஷ்டம் பெரிதில்லை.

மற்ற எல்லோருக்கும், முக்கியமாக ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு முதல் முறை போகிறவர்களுக்கு, என் தேர்வு சிட்டி ஃபீல்ட். ஜூன் மாதத்துச் செவ்வாய் அல்லது புதன்கிழமை, ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் மேல் தட்டு. மூன்று மணிக்குக் கோயில், நான்கு மணிக்குக் கேன்டீன், ஐந்தரைக்கு ராபின்சன் மண்டபம், ஏழு மணிக்கு ஆட்டம். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் பேட்டர் அவுட், நான்கு ‘பால்’ (ஸ்ட்ரைக் பகுதிக்கு வெளியே போய், பேட்டர் அடிக்க முயலாமல் விட்ட பந்து) ஆனால் அவருக்கு முதல் பேஸ் இலவசம், மூன்று பேர் அவுட் ஆனால் பேட் செய்யும் அணி மாறும். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு முதல் இன்னிங்ஸுக்கு இந்த மூன்று விதிகள் போதும். மீதியைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேளுங்கள். தன் அணியைப் பற்றி ஒருவர் கேட்டால் சொல்லாமல் இருக்கும் நியூயார்க் ரசிகர் அபூர்வம்.