அடைபட்ட இடமும் அஞ்சும் மனமும்

நம்மில் சிலர் லிப்டுக்கு அஞ்சி எட்டு மாடியும் படியேறுகின்றனர். வேறு சிலர் மருத்துவர் எழுதித் தந்த எம்.ஆர்.ஐ. சோதனையைத் தள்ளிப் போடுகின்றனர். அதற்குள் நோய் முற்றிவிடுகிறது. இவர்களைக் கோழைகள் என்று நகைப்பது அறமன்று. இவ்வச்சத்திற்குக் காரணம் உண்டு. காரணம் உள்ளதற்கு நீக்கமும் உண்டு.

மூடிய இடத்தில் மனம் இரண்டை எண்ணி நடுங்குகிறது: மூச்சு முட்டிவிடும் என்பது ஒன்று, வெளியேற வழியில்லை என்பது மற்றொன்று. உடனே நெஞ்சு படபடக்கிறது, மூச்சு விரைகிறது. அவ்விரைவினால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து, தலை சுற்றுகிறது, விரல்கள் மரக்கின்றன. அதனையே காற்றின்மை என்று மனம் தவறாகக் கொள்கிறது. லிப்டு காற்றுப் புகாத பெட்டியன்று. பொறுத்திருந்தால் அச்சம் உச்சமடைந்து தானே தணியும். இடையில் ஓடிவிட்டால், ஓடியதால் பிழைத்தோம் என்று மனம் கற்றுக்கொள்ளும்; அச்சம் வேரூன்றும்.

பகவான் ஞானம் பெறுமுன் காட்டில் தனித்திருந்த காலத்தைப் பயபேரவ சுத்தம் கூறுகிறது. நடக்கையில் அச்சம் வந்தால், அது தணியும்வரை அவர் நடந்துகொண்டே இருந்தார்; அமர்ந்திருக்கையில் வந்தால் அமர்ந்தே வென்றார். அச்சத்தை விட்டு விலகாது, அதனோடு படிப்படியாகப் பழகுவதே இன்றைய மனநல மருத்துவர்கள் காட்டும் வழியுமாகும்.

2018 ஜூன் 23 அன்று தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவரும் அவர்தம் பயிற்சியாளரும் வெள்ளத்தால் அடைபட்டனர். முன்னாள் சாமணேரரான அப்பயிற்சியாளர் தியானம் பழக்கிச் சிறுவர்களை அமைதிப்படுத்தினார். ஜூலை 2 அன்று முக்குளிப்போர் அவர்களைக் கண்டனர். 8 முதல் 10 வரை அனைவரும் மீட்கப்பட்டனர். நீருக்குள் கொண்டுவருகையில் அச்சத்தால் துடிக்காதிருக்க, மருத்துவர் மயக்க மருந்து கொடுத்தார். தியானமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை நாம் இதனால் உணர்வோமாக.

நாம் பழகவேண்டிய முறை இது. முதலில் திறந்த லிப்டின் வாயிலில் நிற்போம். நடுக்கம் தணிந்தபின், மறுநாள் துணையோடு ஒரு மாடி செல்வோம். பின்னர் தனியே செல்வோம். மூச்சை மெல்ல, நீள வெளிவிடுவோம். எம்.ஆர்.ஐ. குழாய் இருபுறமும் திறந்தது. அழைப்பதற்குக் கையில் ஒரு பொத்தான் தருவர். நம் அச்சத்தை முன்கூட்டியே மருத்துவரிடம் கூறுவோம். அவர் தரும் மருந்தை ஏற்பதில் இழிவில்லை. அச்சம் அன்றாட வாழ்வைத் தடுப்பின், அரசின் டெலி மானஸ் 14416 எண்ணை அழைப்போம்.

இல்லத்தில் எவரேனும் இவ்வாறு அஞ்சினால், அவரை உள்ளே தள்ளி வாயிலைச் சாத்தாதீர். அவர் கையைப் பற்றி உடன் நில்லுங்கள். கருணை என்பது அதுவே.