இரு நினைவுக் களஞ்சியங்கள்

திருப்பூர்ப் பகுதியிலுள்ள பனியன் தொழிற்சாலை ஒன்றினுள் நாம் புகுவோமாயின், துணி வெட்டும் மேசையையும் கிடங்கையும் காண்போம். அன்றைய வேலைக்கு வேண்டிய துணி மட்டும் மேசைமேல் விரிந்து கிடக்கும். ஏனைய சுருள்கள் கிடங்கில் அடுக்கப்பட்டிருக்கும். மேசை சிறிது, ஆயின் கைக்கெட்டும் தொலைவிலுள்ளது. கிடங்கு பெரிது, ஆயின் சென்று எடுத்து வருதற்குக் காலம் செல்லும். இவ்விரண்டனுள் ஒன்றை மட்டும் கொண்டு தொழில் நடத்த எவரும் முற்படார். மடிக்கணினியினுள் இரண்டு நினைவுச் சாதனங்களை ஒருங்கே அமைக்கும் முறையும் இத்தகையதே. தம் கணினியின் மந்தகதியால் வருந்தும் மாணவர் பலரை யாம் காண்கின்றோமாதலின், இது பற்றிச் சில கூறப் புகுந்தோம்.

முதற்கண் ஹார்ட் டிஸ்க் என்பதன் இயல்பை நோக்குவோம். 1956 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட முதற் கருவி, 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்டிருந்தும், ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துகளையே தாங்கிற்று. இன்று உள்ளங்கையில் அடங்கும் தட்டு அதனினும் பல்லாயிர மடங்கு தாங்கும். எனினும் அடிப்படை முறை மாறவில்லை. காந்தப் பூச்சுடைய தட்டு சுழல, அதன்மேல் நுண்ணிய முனையொன்று அங்குமிங்கும் நகர்ந்து எழுதவும் படிக்கவும் செய்யும். மடிக்கணினித் தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்வன. அஃதாவது நொடிக்கு 90 முறை. இஃது மிகுவேகமாகத் தோன்றினும், வேண்டிய இடம் முனையின்கீழ் வந்து சேரும்வரை கணினி காத்திருத்தல் வேண்டும். கணினியைத் தொடங்குங்கால் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்க நேர்தலின், இக்காத்திருப்புகள் ஒன்றுசேர்ந்து நம் பொறுமையைச் சோதிக்கின்றன.

எஸ்.எஸ்.டி. எனப்படும் சாதனத்திலோ சுழல்வது யாதுமில்லை. நுண்ணிய அறைகளில் மின்னேற்றத்தை அடைத்து வைத்தலே அதன் முறை. இதற்கு அடிப்படையான பிளாஷ் நினைவகத்தை, தோஷிபா நிறுவனத்திற் பணியாற்றிய புஜியோ மசுவோக்கா 1984 இல் அறிவித்தார். இன்று பெரிதும் வழங்கும் நேண்ட் வகை 1987 இல் வெளியாயிற்று. மடிக்கணினி ஹார்ட் டிஸ்க் நொடிக்கு ஏறத்தாழ 100 மெகாபைட் தருமாயின், சாட்டா வகை எஸ்.எஸ்.டி. 500 வரையிலும், என்.வி.எம்.இ. வகை சில ஆயிரங்களும் தரவல்லன. ஆயினும் ஒரே விலைக்கு ஹார்ட் டிஸ்க் தரும் இடமே மிகுதி. ஆகவே இரண்டையும் இணைத்தல் அறிவுடைமையாம்.

இணைக்கும் வழிகள் சில உள. கணினியில் எம்.2 என்னும் பொருத்துவாய் இருப்பின் அதுவே எளிது. ஆனால் அவ்வாய் சாட்டா வகையை ஏற்பதா, என்.வி.எம்.இ. வகையை ஏற்பதா என்பதை வாங்குமுன் அறிதல் வேண்டும். இரண்டும் தோற்றத்தில் ஒத்திருப்பினும் ஒன்றற்கொன்று ஈடாகா. பழைய கணினியாயின், பயனற்றுக் கிடக்கும் டி.வி.டி. கருவியை நீக்கி, அவ்விடத்தில் கேடி எனப்படும் சட்டத்தின் வாயிலாகப் பழைய தட்டை அமைத்து, தட்டிருந்த இடத்தில் எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தலாம். சட்டத்தின் கனம் 9.5 மில்லிமீட்டரோ 12.7 மில்லிமீட்டரோ என அளந்து வாங்குக.

அமைப்பு மென்பொருளைப் புதிதாக நிறுவுங்கால் பழைய தட்டைச் சிறிது நேரம் கழற்றி வைத்தல் நன்று. இன்றேல் தொடக்கக் கோப்புகள் அதனிடமே தங்கிவிடக்கூடும். பின்னர் அத்தட்டுப் பழுதுறின் எஸ்.எஸ்.டி. நலமாயிருந்தும் கணினி எழாது. அமைப்பும், செயலிகளும், அன்றாடம் திருத்தும் கோப்புகளும் எஸ்.எஸ்.டி.யில் இருக்க, நிழற்படங்களும், முடிந்துபோன வேலைகளும் தட்டிற்குச் செல்க. எஸ்.எஸ்.டி.யை முழுதும் நிரப்பாது சிறிது இடம் விடுக. நம் பகுதியினர் மற்றொன்றும் கருதல் வேண்டும். பஞ்சுத்தூசி தட்டினுள் எளிதிற் புகாது; ஆயின் கணினியின் விசிறியை அடைத்து வெப்பத்தைப் பெருக்கும். அவ்வெப்பம் இரு சாதனங்களுக்கும் பகையாம்.

இனி இக்கட்டுரையின் முதன்மையான கருத்தைக் கூறுவோம். எம் நண்பர் ஒருவர் பனியன் தொழிற்சாலையொன்றில் ஆடைகளின் வடிவ அளவுகளைக் கணினியில் வரையும் பணியினர். இரண்டாம் சாதனம் பொருத்திய நாள்முதல், எஸ்.எஸ்.டி.யிலுள்ள வரைவுகளையெல்லாம் மாலைதோறும் தட்டிற்குப் படியெடுத்து, இனிக் கவலையில்லை எனத் துணிந்திருந்தார். ஒருநாள் பேருந்தில் அவர் பை களவு போயிற்று. படியும் மூலமும் ஒரே பெட்டியினுள் இருந்தமையால் இரண்டும் ஒருங்கே ஒழிந்தன. சரக்கை அனுப்பவேண்டிய நாளோ நெருங்கியிருந்தது. எஞ்சியிருந்த மாதிரி ஆடைகளை மேசைமேல் விரித்து, நாடாவால் அளந்து, மூன்று இரவுகள் உறக்கமின்றி எல்லா அளவுகளையும் மீண்டும் வரைந்தார். மாதிரி ஆடைகளும் இல்லாதிருப்பின் என்னாகியிருக்கும் என அவர் கூறியது எம் செவியில் இன்னும் ஒலிக்கின்றது.

ஆதலின் இரண்டு சாதனங்கள் இருத்தல் வேகத்திற்கும் இடத்திற்குமே துணையாம். காவலுக்கு அதுவே போதியதன்று. ஹார்ட் டிஸ்க் கெடுமுன் சிலவேளை ஒலியால் எச்சரிக்கும், எஸ்.எஸ்.டி.யோ அறிகுறியின்றியே ஓய்ந்துவிடக்கூடும். அதினின்றும் கோப்புகளை மீட்டலும் அரிது. மூன்று படிகள், இரு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறோரிடத்தில் என்பது இத்துறையினர் கைக்கொள்ளும் விதி. மடிக்கணினியின் இரு சாதனங்களும் இரண்டு படிகளைத் தரும்; மூன்றாவதற்குப் புறத்தே ஒரு தட்டோ இணையச் சேமிப்போ வேண்டும். வேறோரிடம் ஏன் எனின், 2011 நவம்பரில் பெய்த பெருமழையால் திருப்பூரின் ஓடைகள் கரைபுரண்டதை நினைவுகூர்க. வெள்ளம் புகும் வீட்டில் மேசை வேறு, கிடங்கு வேறு என்னும் பாகுபாடு ஏது?

மாணவ நண்பர்காள்! நும் கணினியில் இரண்டாம் சாதனத்தைப் பொருத்தி அதன் விரைவால் மகிழ்க. மகிழ்ந்த அன்றே, நும் உழைப்பின் மற்றொரு படியை அப்பெட்டிக்குப் புறத்தே வைத்தபின் உறங்கச் செல்க.