புதுக்குடித்தனம்: வீட்டை அலங்கரிக்கும் முன் ஒரு பாடம்

 

ஷவ்வால் பிறந்துவிட்டால் நம் மஹல்லாவில் நிகாஹ்கள் வரிசையாக நடக்கும். அதன் பிறகு மணமக்கள் வாடகைக்கோ சொந்தமாகவோ ஒரு வீட்டில் குடியேறுவார்கள். பெயிண்ட் என்ன நிறம், திரைச்சீலை எந்தத் துணி, சோபா எத்தனை பேர் அமரக்கூடியது என்ற பேச்சு தொடங்கும். இந்தப் பேச்சில் தவறில்லை. தன் வீடு அழகாக இருக்க வேண்டும் என்று விரும்புவது இயல்பு. அல்லாஹ் தன் அடியார்களுக்கென வெளிப்படுத்திய அழகை ஹராம் ஆக்கியவர் யார் என்று குர்ஆனே (7:32) கேட்கிறது. ஆனால் அந்த அழகுக்கு எவ்வளவு, எந்தப் பணத்தில், யாருக்காகச் செலவிடுகிறோம் என்பதைத்தான் இம்மாதப் பாடமாக எடுத்துக்கொண்டுள்ளோம்.

வீடு எதற்காக?

அந்நஹ்ல் அத்தியாயத்தில் (16:80) அல்லாஹ் நமக்கு வீடுகளை ஆக்கித் தந்ததை ஓர் அருட்கொடையாக நினைவூட்டுகிறான். அங்கே வீட்டைக் குறிக்க வரும் சொல் ‘ஸகன்’. இளைப்பாறும் இடம், அமைதி பெறும் இடம் என்று பொருள். அர்ரூம் அத்தியாயத்தில் (30:21) கணவன் மனைவி உறவைப் பற்றிச் சொல்லும்போதும் இதே வேரிலிருந்து வரும் சொல்லையே அல்லாஹ் பயன்படுத்துகிறான். ஒருவரிடம் ஒருவர் அமைதி பெறவே ஜோடி படைக்கப்பட்டது என்பது அதன் கருத்து.

ஆக, வீடும் துணையும் ஒரே நோக்கத்துக்காகத் தரப்பட்டவை. வீட்டுக்குள் கொண்டு வரும் எந்தப் பொருளையும் இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். இது நமக்கு அமைதியைத் தருமா, இருக்கும் அமைதியைக் கெடுக்குமா? கடன் வாங்கி வாங்கிய சோபாவில் உட்கார்ந்து, மாதத் தவணையைப் பற்றிச் சண்டை போடும் தம்பதிக்கு அந்த சோபாவால் கிடைத்தது என்ன?

மதீனாவில் ஒரு புதுக்குடித்தனம்

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் அலி (ரலி) அவர்களுக்கும் ஃபாத்திமா (ரலி) அவர்களுக்கும் நிகாஹ் நடந்தது. மஹராகக் கொடுக்க அலி (ரலி) அவர்களிடம் இருந்தது ஒரு போர்க்கவசம். அதையே கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். வலீமா செலவுக்காக ‘இத்கிர்’ என்னும் வாசனைப் புல்லைக் கொண்டுவந்து பொற்கொல்லர்களிடம் விற்கவும் அலி (ரலி) திட்டமிட்டிருந்தார்கள் என்று புகாரீயில் வருகிறது. கையில் இல்லாததை உழைத்துத் தேட முனைந்தார்கள்.

தம் மகளின் புது வீட்டுக்கு நபி (ஸல்) அவர்கள் கொடுத்தனுப்பிய பொருட்களை நஸாயீயில் காணலாம். ஒரு கம்பளித் துணி, தண்ணீர் வைக்கும் ஒரு தோல் பை, இத்கிர் புல் அடைத்த ஒரு தோல் தலையணை. ஒரு நாட்டின் தலைவர் தம் மகளுக்குக் கொடுத்தவை இவை. உறங்க, குடிக்க, தலை சாய்க்க என்று மூன்றும் அன்றாடத் தேவைக்கானவை.

பின்னொரு நாள், மகளின் வீட்டு வாசல் வரை வந்த நபி (ஸல்) அவர்கள் உள்ளே நுழையாமல் திரும்பிவிட்டார்கள். வாசலில் வேலைப்பாடு மிக்க ஒரு திரை தொங்கியதே காரணம் என்று பின்னர் அலி (ரலி) மூலம் தெரிந்தது. அந்தத் திரையை என்ன செய்வது என்று ஃபாத்திமா (ரலி) கேட்டபோது, தேவையுள்ள ஒரு குடும்பத்துக்கு அதை அனுப்பிவிடச் சொன்னார்கள் (புகாரீ). திரையைக் கிழித்தெறியச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு வீட்டின் அலங்காரம் இன்னொரு வீட்டின் உடுப்பாகவோ போர்வையாகவோ ஆகலாம்.

ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டிலும் உருவங்கள் உள்ள திரை ஒன்று தொங்கியது. நபி (ஸல்) அவர்கள் அதை வெறுத்ததைக் கண்டதும், அன்னை அவர்கள் அதைக் கழற்றி வெட்டித் தலையணைகளாக ஆக்கிக்கொண்டார்கள் (புகாரீ, முஸ்லிம்). துணி வீணாகவில்லை. பழைய சேலையைத் தலையணை உறையாகவும் மெத்தை விரிப்பாகவும் தைத்துக்கொண்ட நம் உம்மாமார்களுக்கு இந்தப் பாடத்தை யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

எத்தனை படுக்கை வேண்டும்?

ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஒரு ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. கணவனுக்கு ஒரு விரிப்பு, மனைவிக்கு ஒன்று, விருந்தாளிக்கு ஒன்று. நான்காவது ஷைத்தானுக்கு என்பது அதன் கருத்து. எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. பிள்ளைகள் பிறந்தால், பெற்றோர் உடன் இருந்தால் தேவை கூடும். தேவைக்கு மேல் பெருமைக்காகச் சேர்ப்பதையே இது கண்டிக்கிறது என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். விருந்தாளிக்கு ஓர் இடம் தேவைப் பட்டியலிலேயே வந்துவிட்டதையும் பாருங்கள். சிக்கனம் என்ற பெயரில் வருபவருக்குப் பாய் இல்லாத வீடும் நம் வழிமுறை அல்ல.

தவணை என்னும் விருந்தாளி

இன்று ஃபர்னிச்சர் கடைக்குள் நுழைந்தாலே ‘வட்டியில்லாத் தவணை’ என்ற பலகை வரவேற்கிறது. 2013ஆம் ஆண்டு செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று உண்மையில் இல்லை என்று வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. பல திட்டங்களில் வட்டி ‘பிராசஸிங்’ கட்டணத்துக்குள் மறைந்திருக்கிறது. அல்லது ரொக்கம் கொடுப்பவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி நமக்குக் கிடைக்காமல் போகிறது. தவணை தவறினால் அபராதம் வேறு. கடைக்காரர் தம் சொந்தப் பொருளை விலையை முடிவு செய்து தவணைக்கு விற்பது வேறு. நடுவில் ஒரு நிதி நிறுவனம் கடன் தருவது வேறு. கையெழுத்திடும் முன் ரொக்க விலை என்ன, மொத்தம் கட்டுவது என்ன, தவறினால் என்ன என்று மூன்று கேள்விகளையும் கேட்டு, அந்தப் பதில்களோடு உங்கள் பள்ளி இமாமிடம் சென்று விளக்கம் பெறுங்கள்.

ஒரு கணக்கு பார்ப்போம். மாதச் சம்பளம் 28,000 ரூபாய், வாடகை 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மீதி 19,000. சோபாவுக்கு 3,000, பிரிட்ஜுக்கு 2,500, கட்டிலுக்கும் பீரோவுக்கும் 3,000 என்று தவணை ஓடினால் அதில் 8,500 போய்விடும். எஞ்சிய 10,500 ரூபாயில் சாப்பாடு, மின்கட்டணம், பெட்ரோல், மருந்து, ஊரில் இருக்கும் பெற்றோருக்கு அனுப்புவது எல்லாம் நடக்க வேண்டும். முதலில் வெட்டு விழுவது பெரும்பாலும் பெற்றோருக்கு அனுப்பும் பணத்தில்தான். வசதிக்கேற்பச் செலவிடுமாறு அத்தலாக் அத்தியாயம் (65:7) சொல்வதை மணமகனும் மணமகள் வீட்டாரும் சேர்ந்தே படிக்க வேண்டும்.

முதல் மாதம் படுக்கை, அடுப்பு, பாத்திரம், மின்விசிறி, சன்னலுக்குத் திரை போதும். திரை ஆடம்பரம் அல்ல. வீட்டின் மறைவைக் காப்பது கடமை. மற்றவை ஒவ்வொன்றாக வரட்டும். சேர்த்து வைத்து வாங்கும் பொருளில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது.

எது யாருடையது?

மனத்தாங்கல் என்று எமது அறக்கட்டளைக்கு வரும் தம்பதியரில் சிலரது பேச்சு, கடைசியில் ‘பீரோ யாருடையது’ என்ற இடத்தில் வந்து நிற்கிறது. தொடக்கத்திலேயே தெளிவு இருந்தால் அந்தப் பேச்சு எழாது. மஹர் முழுவதும் மனைவியின் உடைமை. அவர் மனமுவந்து கொடுத்தால் மட்டுமே கணவன் அதை அனுபவிக்கலாம் (4:4). பெற்றோர் மகளுக்குக் கொடுத்த பொருட்களும் அவருடையவை. கேட்டு வாங்கியது என்றால் அது வரதட்சணை. மார்க்கத்துக்கும் விரோதம், 1961ஆம் ஆண்டுச் சட்டப்படியும் குற்றம். அந்தச் சட்டத்தின்கீழ் 1985இல் வந்த விதிகள், திருமண அன்பளிப்புகளைப் பட்டியல் எழுதிக் கையொப்பமிட்டு வைக்கச் சொல்கின்றன. மனைவியின் நகையை விற்று வீட்டு வேலை செய்தால், அது அன்பளிப்பா கடனா என்பதையும் எழுதி வையுங்கள். கடனை எழுதச் சொல்லும் வசனமே (2:282) குர்ஆனின் மிக நீண்ட வசனம். எழுதுவது நம்பிக்கையின்மை அல்ல.

வாடகை வீட்டுக்கும் இதுவே. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடப்பில் உள்ள வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். ஆணி அடிப்பது, நிறம் மாற்றுவது, பரண் அமைப்பது எதுவானாலும் வீட்டு உரிமையாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பிறர் பொருளில் அனுமதியின்றி கை வைப்பது நமக்கு ஆகாது.

பெயிண்ட் அடிக்கும் முன்

ஓதம் ஏறிய சுவரில் எவ்வளவு விலையுயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் உரிந்துவிடும். கசிவு எங்கே என்று கண்டு முதலில் அதை அடையுங்கள். புதிதாகப் பூசிய சுவர் என்றால் நான்கு வாரமாவது காயட்டும். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடப்புக்கு வந்தது. ஆகவே பழைய வீட்டுக் கதவு சன்னல்களில் ஈயம் கலந்த பெயிண்ட் இருக்கக்கூடும். அதை உலர்வாகத் தேய்க்காதீர்கள். தண்ணீரால் நனைத்துத் தேய்த்து, தூசியை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். கருவுற்ற பெண்களும் சிறுபிள்ளைகளும் அந்த வேலை முடியும் வரை வேறிடத்தில் இருப்பது நல்லது. ஈயத் தூசி வயிற்றுப் பிள்ளையையும் பாதிக்கும்.

துளையிடும் வேலையைப் பகலில் முடியுங்கள். அடுத்த வீட்டில் நோயாளி இருக்கலாம், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கலாம். முதல் நாள் சொல்லிவிட்டுச் செய்தால் அண்டை வீட்டார் மனம் நோகாது.

அலங்காரத்தில் விட்டுப்போகக் கூடாதவை

தொழுகைக்கு ஒரு மூலையை ஒதுக்குங்கள். ஒரு முஸல்லா விரிக்கும் இடம் போதும். வீட்டிலும் சில தொழுகைகளைத் தொழுங்கள், வீடுகளைக் கப்றுகளாக ஆக்காதீர்கள் என்ற கருத்தில் நபிமொழி உண்டு (புகாரீ). ஆயத்துல் குர்ஸீயைத் தங்க எழுத்தில் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவதைவிட, இருவரும் உறங்கும் முன் ஓதுவது அந்த வீட்டுக்கு அதிக நன்மை தரும்.

வேலையைப் பகிருங்கள். மாவரைத்துக் கை காய்த்த ஃபாத்திமா (ரலி) ஒரு பணியாள் கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் உறங்கும் முன் சொல்ல தஸ்பீஹ் 33, தஹ்மீத் 33, தக்பீர் 34 என்று கற்றுக்கொடுத்தார்கள். அதே நபி (ஸல்) அவர்கள் தம் வீட்டு வேலைகளில் தாமே பங்கெடுத்தார்கள் என்பதையும் கணவன்மார்கள் மறக்க வேண்டாம்.

குடியேறிய முதல் வாரத்தில் குழம்பில் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றி, வாசல் நெருக்கமாக உள்ள அண்டை வீட்டாருக்கு முதலில் கொடுத்தனுப்புங்கள். அவர் எந்த மதத்தவராக இருந்தாலும் அண்டை வீட்டார்தான். நள்ளிரவில் காய்ச்சல் என்றால் கதவைத் தட்டப்போவது அந்த வீட்டைத்தான்.

இம்மாதம் வீட்டில் பேசிச் செய்ய

1. வாங்க நினைக்கும் பொருட்களைத் தேவை, வசதி, பெருமை என்று மூன்று பத்தியாக இருவரும் சேர்ந்து எழுதுங்கள். மூன்றாவது பத்தியை அடித்துவிடுங்கள்.
2. மஹர், அன்பளிப்பு, கடன் ஆகியவற்றுக்கு ஒரு நோட்டு போடுங்கள்.
3. புதியது வந்ததும் பழைய கட்டில், பாய், பாத்திரத்தைப் பரணில் ஏற்றாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுங்கள். தெரியவில்லை என்றால் எமது அலுவலகத்தில் ஒப்படையுங்கள், உரியவரிடம் சேர்ப்போம், இன்ஷா அல்லாஹ்.
4. மணமக்களின் பெற்றோர், ‘அவர்கள் வீட்டில் என்ன இருக்கிறது’ என்ற ஒப்பீட்டை இந்த மாதம் வாயில் எடுப்பதில்லை என்று முடிவு செய்யுங்கள்.

புதிதாகக் குடியேறும் ஒவ்வொரு தம்பதியின் வீட்டையும் அல்லாஹ் அமைதியும் பரக்கத்தும் நிறைந்ததாக ஆக்கி அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.