கணக்கு டீச்சரின் தொலைந்த கணக்கு

கடவுச்சொல் எனக்கு நன்றாக நினைவிருந்தது. தட்டியதும் திரை ஏற்றுக்கொண்டது. அடுத்து, சரிபார்ப்புச் செயலியில் தெரியும் ஆறு இலக்க எண்ணைக் கேட்டது. அந்தச் செயலி இருந்த செல்போன் முந்தைய நாள், வெள்ளிக்கிழமை மாலை, மன்னார்குடி பேருந்தில் என் கைப்பையிலிருந்து போய்விட்டிருந்தது.

போனது செல்போன் மட்டும்தான் என்று சனிக்கிழமை மதியம்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கியாயிற்று. ஆதாரைக் காட்டி அதே எண்ணுக்குப் புது சிம் வாங்கியாயிற்று. "முதல் 24 மணி நேரம் மெசேஜ் வராது மேடம்" என்றார் கடைக்காரத் தம்பி. வேறு யாரும் நம் பெயரில் சிம் வாங்கி உடனே வங்கி ஓ.டி.பி.யைப் பிடித்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. தொலைந்த கருவியை முடக்க மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். தளம் இருக்கிறது. அதற்கு ஐ.எம்.இ.ஐ. எண், புகார் ரசீது, சிம்முக்கு வரும் ஓ.டி.பி. மூன்றும் வேண்டும். ஐ.எம்.இ.ஐ. எண் செல்போன் வாங்கிய பெட்டியில் அச்சாகியிருக்கும். பெட்டியைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள்.

மாலையில் கணவரின் லேப்டாப்பில் என் ஜிமெயிலைத் திறக்கப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஏழு வருட வினாத்தாள்கள், பாடக்குறிப்புகள், செயல்திட்டப் படங்கள் எல்லாம் அந்தக் கணக்கின் டிரைவில் இருந்தன. அவற்றைத் திரும்பச் செய்துகொள்ளலாம். திரும்பச் செய்ய முடியாத ஒன்றும் அதில் இருந்தது.

மூன்று வருடங்களுக்கு முன் ஆறாம் வகுப்பில் அளவைகள் பாடம் நடத்தியபோது, வீட்டுப் பெரியவர்களிடம் பழைய அளவைகளைக் கேட்டு வரச் சொன்னேன். சிலரது வீட்டுக்கு நானே போய்ப் பதிவு செய்தேன். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, 12 மரக்கால் ஒரு கலம் என்று பாட்டிமாரும் தாத்தாமாரும் சொன்ன 31 குரல் பதிவுகள். அதில் ஒரு மாணவியின் பாட்டி, நடவு வயலில் ஒரு மாவுக்கு எத்தனை பெண்கள் இறங்குவார்கள், கூலி நெல்லை எப்படி அளப்பார்கள் என்று விடாமல் பேசியிருந்தார். போன ஐப்பசியில் அவர் இறந்துவிட்டார். அந்தப் பெண் இப்போது ஒன்பதாம் வகுப்பு. "மிஸ், பாட்டி பேசுனது உங்ககிட்டதானே இருக்கு?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டாள். இரண்டு முறையும் "அடுத்த வாரம் தர்றேன்மா" என்றிருந்தேன்.

"வேறு வழியை முயலவும்" என்ற இணைப்பை அழுத்தினேன். நான்கு வழிகள் வந்தன. ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் செல்போனில் "ஆம்" என்று தட்டுவது, அதுதான் தொலைந்தது. எண்ணுக்குக் குறுஞ்செய்தி, கணக்கில் இருந்ததோ நான்கு வருடங்களுக்கு முன் நான் கைவிட்ட எண், கைவிட்ட எண்களை நிறுவனங்கள் வேறொருவருக்குக் கொடுத்துவிடும், என் ரகசிய எண் யாரோ ஒருவர் வீட்டில் ஒலித்திருக்கலாம். மீட்பு மின்னஞ்சல், பி.எட். படித்தபோது தொடங்கி அதன்பின் திறந்தே பார்க்காத முகவரி. இரண்டு வருடங்கள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் கூகுள் நீக்கத் தொடங்கியது. அது இன்னும் உயிரோடு இருந்தால்தான் ஆச்சரியம். கடைசியாக மாற்றுக் குறியீடுகள்.

இந்தக் கடைசி வழியை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. இருபடிச் சரிபார்ப்பை இயக்கியபின், எட்டு இலக்கத்தில் பத்து எண்களைக் கூகுளிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். செல்போன் கையில் இல்லாத நாளுக்கென்றே உள்ளவை. ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை செல்லும். நானும் அன்றே வாங்கினேன். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதே செல்போனில் வைத்தேன். பீரோ சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியவள் நான்.

நான்தான் நான் என்று ஒரு மனிதரிடம் சொல்லிப் புரியவைக்க வழியில்லையே என்று அன்றிரவு கோபம் வந்தது. ஆனால் நம் பள்ளி வாசலில் நாமே என்ன செய்கிறோம்? மதியம் இரண்டு மணிக்கு ஒருவர் வந்து, "நான் அவளோட மாமா, அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, கூட்டிட்டுப் போறேன்" என்றால் பிள்ளையை அனுப்பிவிடுகிறோமா? பெயர், வகுப்பு, அப்பா பெயர் எல்லாம் சரியாகச் சொன்னாலும் பதிவேட்டில் உள்ள எண்ணுக்குப் பேசிப் பார்க்கிறோம். உண்மையான மாமாவுக்கு அது எரிச்சல்தான். என் கடவுச்சொல்லைத் தெரிந்துகொண்ட திருடனும் நானும் அந்தத் திரைக்கு முன் ஒரே மாதிரிதான் தெரிவோம்.

ஞாயிற்றுக்கிழமை அவசரத்தில் இன்னொரு தவறு செய்தேன். கணக்கை மீட்டுத் தரும் வாடிக்கையாளர் சேவை எண் என்று தேடி, முதலில் வந்ததை அழைத்தேன். அன்பாகப் பேசினார். இரண்டாயிரம் ரூபாய் ஆகும் என்றார். புது செல்போனில் ஒரு செயலியைப் போடச் சொன்னார், என் திரை அவருக்குத் தெரிவதற்காம். "எந்த பேங்க் மேடம் வெச்சிருக்கீங்க?" என்றதும் இணைப்பைத் துண்டித்தேன். தொலைபேசியில் பேசி ஜிமெயில் கணக்கை மீட்டுத் தருகிறோம் என்று சொல்பவர் யாராக இருந்தாலும் மோசடிக்காரர்தான். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். கணக்கைத் தொலைத்த பதற்றத்தில் இருப்பவர்களைப் பிடிப்பதற்கென்றே இவர்கள் காத்திருக்கிறார்கள்.

அதன்பின் கூகுளின் கணக்கு மீட்புப் பக்கத்தை நிதானமாகப் படித்தேன். முன்பு வழக்கமாகப் பயன்படுத்திய கருவி, அதே உலாவி, வழக்கமான இடம், நினைவில் உள்ள கடைசிக் கடவுச்சொல் ஆகியவை நம் பக்கம் சாட்சி சொல்லும். எந்தக் கேள்வியையும் தாண்டிப் போகாமல் பதில் தர வேண்டும். சரிபார்க்க மூன்று முதல் ஐந்து வேலை நாட்கள் ஆகலாம். கணவரின் லேப்டாப்பில் நான் ஒருநாளும் உள்நுழைந்ததில்லை. அதில் உட்கார்ந்து சனிக்கிழமை முழுக்க முட்டியதால், "பலமுறை முயன்றுவிட்டீர்கள், பிறகு வாருங்கள்" என்ற பதில்தான் மிஞ்சியது. வழக்கமான கருவி என்று படித்ததும்தான் தலைமையாசிரியர் அறைக் கணினி ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமை இறைவணக்கத்துக்கு முன்பே போய் அந்தக் கணினியில் உட்கார்ந்தேன். கடவுச்சொல்லைத் தட்டினேன். ஆறு இலக்க எண்ணைக் கேட்கவே இல்லை. நேராக உள்ளே போய்விட்டது. எப்போதோ அலுவலகத்துக்கு அவசரமாக ஒரு கோப்பை அனுப்பியபோது, "இந்தக் கணினியில் மீண்டும் கேட்க வேண்டாம்" என்ற கட்டத்தில் டிக் செய்திருக்கிறேன்.

பலரும் பயன்படுத்தும் கணினியில் அப்படி டிக் செய்யவே கூடாது. என் கடவுச்சொல்லை எட்டிப் பார்த்த எவரும் அதில் உள்ளே போயிருக்கலாம். செய்யக்கூடாத ஒன்றுதான் என்னைக் காப்பாற்றியது, அதைப் பெருமையாகச் சொல்ல முடியாது. எச்.எம். மேடம் "கிடைச்சிருச்சா?" என்று கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினேன்.

உள்ளே போனதும் பழையதை நீக்கும் முன் புதியதைச் சேர்த்தேன். வரிசை முக்கியம். புது எண், புது செல்போனில் செயலி, உயிரோடு இருக்கும் ஒரு மீட்பு மின்னஞ்சல். பிறகு தொலைந்த செல்போனைச் சாதனங்களின் பட்டியலிலிருந்து வெளியேற்றினேன். கடவுச்சொல்லை மாற்றினேன். புதிதாகப் பத்து எண்கள் கேட்டேன். கேட்டதும் பழைய பத்தும் செல்லாதவையாகிவிடும், ஸ்க்ரீன்ஷாட்டை யார் பார்த்தாலும் பயனில்லை. இந்த முறை பள்ளி அச்சுப்பொறியைக்கூட நம்பாமல் கையால் ஒரு தாளில் எழுதினேன். எம்.எஸ்சி. சான்றிதழ் இருக்கும் உறையில் அந்தத் தாள் இருக்கிறது. கடவுச்சொல்லை அதில் எழுதவில்லை. கடைசியாக எச்.எம். அறைக் கணினியின் நம்பிக்கையை ரத்து செய்தேன்.

அந்த வாரம் ஒன்பதாம் வகுப்பில் நிகழ்தகவு. ஆறு இலக்க எண்ணையே பாடமாக்கினேன். 000000 முதல் 999999 வரை பத்து லட்சம் எண்கள், கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை ஊகித்தால் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று. 30 விநாடிக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 2,880 எண்கள். "நெட் இல்லாமலே அந்த நம்பர் எப்படி மிஸ் மாறுது?" என்று ஒருவன் கேட்டான்.

இரண்டு பேரை எதிரெதிர் மூலையில் நிறுத்தினேன். இருவர் காதிலும் 37 என்ற ரகசிய எண்ணைச் சொன்னேன். மணி அடித்து எத்தனையாவது நிமிடமோ அதை ரகசிய எண்ணால் பெருக்கி, 97ஆல் வகுத்து, மீதியைப் பலகையில் எழுத வேண்டும். 14ஆம் நிமிடம் இருவரும் 33 என்று எழுதினார்கள். அடுத்த நிமிடம் 70. ஒருவரோடு ஒருவர் பேசவில்லை, ஆனாலும் விடை ஒன்றுதான். செயலியும் கூகுளும் செய்வது இதுதான். முதல் நாள் நாம் படம்பிடிக்கும் கியூ.ஆர். கட்டத்தில் இருப்பது அந்த ரகசிய எண். மற்றது கடிகாரம். 1970 ஜனவரி 1 முதல் எத்தனை 30 விநாடிகள் கடந்தன என்று இரு பக்கமும் எண்ணுகின்றன. 2011இல் ஆர்.எஃப்.சி. 6238 என்ற ஆவணமாக வெளியான முறை இது. செல்போன் கடிகாரம் தவறாக ஓடினால் சரியான செயலியும் தவறான எண்ணைக் காட்டுவது இதனால்தான்.

16ஆம் நிமிடம் 10 என்று எழுதியதும் பெஞ்சிலிருந்த ஒரு மாணவன், "ரகசியம் 37 மிஸ்" என்றான். எனக்கே திகைப்பு. 70இலிருந்து 33ஐக் கழித்திருக்கிறான். 70உடன் 37 கூட்டினால் 107, அதில் 97 போக 10, சரிபார்த்தும்விட்டான். உண்மையான முறையில் பெருக்கலுக்குப் பதிலாக ஹேஷ் எனப்படும் கலக்கும் சார்பு இருக்கிறது, எத்தனை விடைகளைப் பார்த்தாலும் ரகசியத்துக்குத் திரும்ப வழியில்லை என்று விளக்கினேன். அந்த வழி திருடனுக்கு மட்டுமல்ல, எனக்கும் இல்லை. ரகசிய எண் இருந்த செல்போன் போனபின் என் பழைய எண்கள் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தாலும் அடுத்த எண்ணைக் கண்டுபிடித்திருக்க முடியாது. பத்தாம் வகுப்பில் மட்டு எண்கணிதம் நடத்துபவர்கள் இந்த விளையாட்டை முயன்று பார்க்கலாம். ஒரு பாடவேளை போதும்.

ஆசிரியர் அறையில் இதைச் சொன்னதும் ஆளாளுக்குத் தங்கள் செல்போனைத் திறந்தார்கள். ஐந்து பேரில் இருவரது கணக்கில் பழைய எண். அறிவியல் ஆசிரியர், "என் செயலி கூகுள் கணக்கிலேயே சேமிச்சுக்குது, போன் போனாலும் திரும்ப வந்துரும்" என்றார். கூகுள் ஆத்தென்டிகேட்டரில் 2023 ஏப்ரல் முதல் அந்த வசதி உண்டு, மற்றக் கணக்குகளுக்கு நல்லதுதான். ஆனால் கூகுள் கணக்கின் சாவியே அந்தக் கணக்குக்குள் இருந்தால், அது மறுபடியும் என் பீரோ கதைதான். தமிழாசிரியர் ஐயா வாட்ஸ்அப்பில் ஆறு இலக்கப் பின் வைத்து, மின்னஞ்சலைச் சேர்க்காமல் விட்டிருந்தார். அதை மறந்தால் ஏழு நாட்கள் காத்திருக்க வேண்டும், வகுப்புக் குழுக்கள் எல்லாம் அதுவரை நிற்கும். நிறுவனம் கொடுத்த மின்னஞ்சல் என்றால் கதை வேறு. அதன் நிர்வாகியே மாற்றுக் குறியீடு தர முடியும், அவர் யார் என்று மட்டும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பென் டிரைவைப் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. செவ்வாய்க்கிழமை காலை 31 பதிவுகளையும் அதில் போட்டுக் கொடுத்தேன். புதன்கிழமை வந்து அந்தப் பெண் சொன்னாள்: அப்பா இரண்டு முறை கேட்டாராம். மூன்றாம் முறை போட்டபோது, "அப்புறம் கேக்கலாம்" என்று எழுந்து மாட்டைப் பிடித்துக் கட்டப் போய்விட்டாராம்.