தொலைக்காட்சியின் புதுமுறையும் நம் இல்லங்களும்

கருவி மாறுங்கால் அதனைக் கையாளுவோரின் அறிவும் உடன் மாறுதல் வேண்டும். மாறாவிடின் கருவியாலாய பயன் குறையும், செலவு மிகும். நொய்யலாற்றின் கரையிலே பின்னலாடைத் தொழில் தழைத்த திருப்பூர் நாட்டார்க்கு இவ்வுண்மையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. எனினும், தொழிற்சாலையில் புதுப்பொறியைக் கூர்ந்து நோக்கும் நாம், வீட்டிலுள்ள பொறியை அங்ஙனம் நோக்குவதில்லை. ஆதலின், தொலைக்காட்சியானது அனலாக் முறையினின்று டிஜிட்டல் முறைக்கு மாறிய வரலாற்றையும், அதற்கு ஓர் இல்லம் தன்னை ஆயத்தஞ் செய்துகொள்ளுமாற்றையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கிற்று. அந்நாள் முதல் நெடுங்காலம் அனலாக் அலைகளே நம் வீடுகளை எட்டின. பின்னர்க் கேபிள் வந்தது, அதுவும் அம்முறையினதே. 2011ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட கேபிள் சட்டத்தின்படி இந்திய நாடு நான்கு கட்டங்களாக டிஜிட்டல் முறைக்கு மாறக் கடவதாயிற்று. சென்னை முதற்கட்டத்திலும், கோயம்புத்தூர் இரண்டாங் கட்டத்திலும் அடங்கின. ஏனைய நகரங்களுக்கு 2015 டிசம்பர் 31உம், சிற்றூர்களுக்கு 2016 டிசம்பர் 31உம், பின்பு 2017 மார்ச்சு 31உம் எல்லையாகக் குறிக்கப்பட்டன. தமிழ்நாட்டிலோ வழக்குகளாலும் உரிமத் தாமதத்தாலும் மாற்றம் பிந்தியது. தமிழ்நாடு அரசு கேபிள் நிறுவனம் 2017இலேயே உரிமம் பெற்று, அவ்வாண்டு செப்டம்பரில் செட்டாப் பெட்டிகளை வழங்கத் தொடங்கிற்று.

இனி, இவ்விரு முறைகளுக்குமுள்ள வேற்றுமை யாதெனின், நம் சாயப்பட்டறையைக்கொண்டே அதனை விளக்கலாம். முதல் துணியின் நிறத்தைக் கண்ணாற் கண்டு இரண்டாவதற்கும், இரண்டாவதைக் கண்டு மூன்றாவதற்கும் சாயமேற்றிக்கொண்டே போனால், பத்தாவது துணி முதலதனின் வேறுபட்டு நிற்கும். அனலாக் முறை இத்தகையது. வழியில் நேரும் சிறு பிழையும் படத்தோடு கலந்துவிடும். அவ்வாறன்றி, இன்ன சாயம் இத்தனை கிராம், இத்தனை பாகை வெப்பம், இத்தனை நிமிடம் என எண்களாற் குறித்தனுப்பினால், தாள் கசங்கினும் எண் தெரியுமளவும் நிறம் மாறாது. எண்ணே அழிந்துவிடினோ சாயமேற்றவே இயலாது. டிஜிட்டல் முறை இத்தகையது. படமும் ஒலியும் 0, 1 என்னும் இரு குறிகளாக மாற்றப்பட்டு வருகின்றன. மாறாத பகுதியை மீண்டும் மீண்டும் அனுப்பாது, மாறிய பகுதியையே அனுப்புவதால், முன்பு ஒரு நிகழ்ச்சி பெற்றிருந்த இடத்திலே பல நிகழ்ச்சிகள் அடங்குகின்றன.

இதனின்று இல்லத்தார் அறியவேண்டுவது ஒன்றுண்டு. பழைய முறையில் அலை தளர்ந்தால் படம் புள்ளி புள்ளியாக மங்கும். ஆயினும் ஒருவாறு காணலாம். புதுமுறையிலோ படம் தெளிவாக நிற்கும். ஓரெல்லைக்கப்பாற் கட்டங்கட்டமாகச் சிதறி உறைந்துபோம். ஆகவே முன்பு பொறுத்துக்கொள்ளப்பட்ட பழுதான கம்பி இணைப்பு, இப்போது காட்சியையே நிறுத்திவிடும். கையால் முறுக்கிச் சுற்றிய இணைப்புகளையும், ஒரே கம்பியைப் பல அறைகளுக்குக் கிளைத்த பிரிப்பான்களையும் முதலிற் சோதித்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

நிற்க. அடுத்து நோக்கத்தக்கது தொலைக்காட்சிப் பெட்டி. பழைய பெட்டியை எறிந்துவிட வேண்டுமென்பது தவறான கருத்து. 2006 முதல் அரசு இலவசமாக வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிகளும், மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிறத் துளைகள் உடையனவாயின், செட்டாப் பெட்டியோடு இணைந்து பணிபுரியும். புதிய பெட்டிகளுக்கு எச்.டி.எம்.ஐ. கம்பி ஏற்றது. பயன் முற்றும் ஒழிந்த படக்குழாய்ப் பெட்டியைக் குப்பைமேட்டிலோ ஆற்றோரத்திலோ எறிதல் ஆகாது. அக்குழாயின் கண்ணாடியில் ஈயம் உண்டு. சாயக்கழிவால் நொய்யல் பட்ட துன்பம் போதும். மின்கழிவு வாங்கும் உரிமம் பெற்றோரிடம் அதனை ஒப்புவித்தலே முறை.

மூன்றாவது, அலை வரும் வழியைத் தெரிந்தெடுத்தல். கேபிள் ஒருவழி, கட்டண டிஷ் மற்றொரு வழி, மாதக் கட்டணமில்லாத தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் மூன்றாவது வழி. ஃப்ரீ டிஷ்ஷில் இந்தி அலைவரிசைகள் மிகுதி, தமிழ் சிலவே. ஆதலின் வடநாட்டினின்று வந்து பனியன் கம்பெனிகளில் உழைப்போர்க்கு அது பெரிதும் பயன்படும். அதற்குரிய ஜிசாட்-15 செயற்கைக்கோள் 93.5 பாகைக் கிழக்கில் நிற்பதால், திருப்பூரிலிருந்து கிழக்கிற்கும் தென்கிழக்கிற்கும் இடைப்பட்ட திசையில், அடிவானின்மேல் ஏறக்குறைய 67 பாகை உயரத்தில் அதனை நோக்க வேண்டும். அத்திசையில் தென்னையோ மாடியோ மறைத்தல் கூடாது. பெருமழையின்போது காட்சி தடைப்படின், மழைத்துளிகள் அலையை உறிஞ்சுதலே காரணம்; மழை விடுமளவும் பொறுத்தல் நன்று; மாடியேறுதல் தீது.

நான்காவது, பணம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த டிராய் விதிகளின்படி, வேண்டிய அலைவரிசைகளைப் பார்ப்போரே தெரிந்தெடுக்கலாம். தொகுப்பாக வந்ததை ஆராயாது ஏற்போர், தாம் ஒருநாளும் காணாதவற்றிற்கும் திங்கள்தோறும் பொருளிழப்பர். வாடகை வீட்டிலிருப்போர் பெட்டி யாருடையது, வீடு மாறுங்கால் யாரிடம் ஒப்புவிப்பது என்பவற்றைக் கேட்டறிந்து, இரசீதைப் பேணுக. வீட்டிலேயே பிசிறு வெட்டும் வேலை செய்வோர், பஞ்சுத்தூசு பெட்டியின் காற்றுத்துளைகளை அடைக்காவண்ணம் அடிக்கடி துடைத்தல் வேண்டும். தகரக் கூரையின்கீழ் வெப்பம் மிகுதலின் பெட்டிமேல் துணி போர்த்தலும் ஆகாது.

இவையெல்லாம் சிறு செய்திகளே என்று சிலர் எண்ணக்கூடும். 2020ஆம் ஆண்டினை அவர் நினைவுகூர்வாராக. பெருந்தொற்றினால் பள்ளிகள் அடைபட்டபொழுது, அதற்கு முந்தின ஆண்டிலே தொடங்கப்பெற்ற கல்வித் தொலைக்காட்சியே ஏழைச் சிறார் பலர்க்குப் பள்ளியாயிற்று. அப்பொழுது கம்பி பழுதாய்க் கிடந்த வீட்டிலே குழந்தை இழந்தது கேளிக்கையன்று, பாடமே. பெற்றோர் இருவரும் ஷிப்டு வேலைக்குச் செல்லும் இல்லங்களில், பழுதைக் கண்டறிவாரும் இலராயினர்.

மாணவர்காள்! அறிவியற்கூடத்தில் அலைகளைப்பற்றி நாம் கற்பது தேர்வுத்தாளோடு முடிதல் தகாது. வரும் விடுமுறையில் ஊர் சென்றதும், நம் தெருவில் முதியோரும் எழுத்தறியாரும் வாழும் ஓரில்லத்திற்கேனும் சென்று, கம்பியையும் இணைப்பையும் கட்டணச் சீட்டையும் பார்த்து, வேண்டுவன எடுத்துரைப்போமாக. கற்றவர் ஒருவர் செலவிடும் அரைமணி நேரம், ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் செலவைக் குறைக்கவுங்கூடும்.